கட்டிங் மெஷினுக்காகச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள், கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். இவர் மூன்று வருடமாக வீட்டிலிருந்தபடியே கேக் டாப்பர் (கேக்கின் மேல் குச்சியில் செருகும் பெயர் அட்டை), பிறந்தநாள் பேனர், வளைகாப்பு, காதணி விழாவுக்குத் தாம்பூலப் பையில் ஒட்டும் பெயர் ஸ்டிக்கர் எல்லாம் செய்து கொடுக்கிறார். எல்லாமே கத்தரியும் பேனாக்கத்தியும்தான். வாரத்துக்குப் பன்னிரண்டு டாப்பர் போகிறது. ஒன்று 120 ரூபாய். அட்டை, குச்சி, பசை எல்லாம் சேர்த்து 25 ரூபாய் செலவு. விரல் மடக்க முடியாத அளவுக்குக் கை வலி வந்துவிட்டது, வாராவாரம் ஐந்தாறு ஆர்டரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்.

ஆகவே எலக்ட்ரானிக் கட்டிங் மெஷின் வாங்க ஆசை. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. ஆனால் யூடியூபில் பார்த்த பெரிய மாடலும், கூடவே டி-ஷர்ட்டிலும் கோப்பையிலும் சூட்டில் டிசைன் ஒட்டும் ஹீட் பிரஸ், மக் பிரஸ் எல்லாமும் சேர்த்து 80,000 ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். மீதிக்கு இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று நினைக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் பொங்கலுக்கு வரும்போது அங்கிருந்தே வாங்கி வருவதாகச் சொல்கிறாராம். கணவரோ பழைய மெஷின் ஏதாவது கிடைக்கிறதா பார் என்கிறார். மாதாமாதம் சந்தா கட்டாவிட்டால் மெஷின் ஓடாதாமே என்ற கவலை வேறு. கடைசியாக ஒன்று: இவருடைய தோழி இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் வாங்கிய மெஷின் பத்தே நாளில் நின்றுபோக, விற்றவர் "நீங்க தொழிலுக்குத்தானே வாங்குனீங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்று சொல்லிவிட்டாராம். அது நிஜமா என்று கேட்கிறார்.

சகோதரி, மெஷின் வாங்குங்கள். கை வலி ஒன்றே அதற்குப் போதுமான காரணம். ஆனால் சங்கிலி பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் கணக்கு

ஒரு டாப்பரில் 95 ரூபாய் நிற்கிறது, வாரம் பன்னிரண்டு என்றால் 1,140, மாதம் கிட்டத்தட்ட 4,500, எனவே 80,000 ரூபாய் ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கலில் தப்பில்லை. ஆனால் அந்த 4,500 ரூபாய் மெஷின் இல்லாமலே இன்றைக்கு உங்களுக்கு வந்துகொண்டிருக்கும் பணம். அதை மெஷினின் சம்பாத்தியத்தில் எழுதக்கூடாது. மெஷின் புதிதாகக் கொண்டு வரப்போவது நீங்கள் திருப்பி அனுப்புகிற ஆர்டர்களை மட்டும்தான். வாரம் ஆறு என்றே வைத்துக்கொள்வோம். 570 ரூபாய், மாதம் 2,280. அப்படிப் பார்த்தால் 40,000 ரூபாய் மெஷினே ஒன்றரை வருடம் எடுக்கும், 80,000 என்றால் வட்டி சேர்க்காமலே மூன்று வருடம். மூன்று வருடம் அடகுக் கடைக்கு வட்டி கட்டி மீட்கிற சங்கிலியின் கணக்கை உங்கள் கணவர் போட்டுப் பார்த்திருப்பார், அதனால்தான் பழைய மெஷின் பேச்சு வருகிறது.

மிச்சமாகும் நேரமும் ஒரு வருமானம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மிச்சமாகும் நேரத்துக்கு ஆர்டர் வந்தால்தான் அது பணமாகும். வந்தால் மாதம் ஐயாயிரமோ ஏழாயிரமோ கூடுதலாகப் பார்த்த பிறகு பெரிய மாடலுக்குப் போவதை யார் தடுக்கப் போகிறார்கள்?

அப்படியும் கொஞ்சம் பணம் குறைந்தால் அடகுக்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், அரசின் தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது (பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்). முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கடன் கொடுக்கிறார்கள். பேங்குக்கு நாலு தடவை நடக்க வேண்டியிருக்கும், அது உண்மை. மெஷினுக்கான கொட்டேஷன் தாளும், உங்கள் மூன்று வருட ஆர்டர் நோட்டும், யுபிஐ வரவு விவரமும் கையில் இருந்தால் பேச்சு சுலபமாகும்.

இந்த மெஷின் எதை வெட்டும், எதை வெட்டாது

பார்க்கப் பிரிண்டர் போல இருக்கும், பேனா முனை அளவுக்கு ஒரு குட்டி பிளேடு இடமும் வலமும் ஓடும், மேட் என்கிற ஒட்டும் விரிப்பின் மேல் வைத்த தாளை ரோலர் முன்னும் பின்னும் நகர்த்தும். அவ்வளவுதான் வேலை. பிளேடு எவ்வளவு அழுத்திக் கீறுகிறது என்பதில்தான் மாடலுக்கு மாடல் வித்தியாசம். கிரிகட் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோர் வகை சுமார் 400 கிராம் அழுத்தம் கொடுக்கும். மேக்கர் வகை 4 கிலோ கொடுக்கும், பத்து மடங்கு. விளம்பரத்தில் அந்தப் பத்து மடங்கைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். நீங்கள் வெட்டுவது 250, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை, கிளிட்டர் தாள், வினைல் என்கிற ஒட்டும் பிளாஸ்டிக் தாள். இதற்கெல்லாம் 400 கிராமே தாராளம். துணியைத் துணியாகவே வெட்டுவது, தோல், மெல்லிய பால்சா மரம் என்று போகிறவர்களுக்கே அந்த 4 கிலோ தேவைப்படும்.

அக்ரிலிக் கீசெயினும் மரப்பலகைப் பெயரும் இதே மெஷினில் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, வராது. மேக்கரே கூட மிருதுவான மரத்தில் 2.4 மில்லிமீட்டர் வரைதான், அதுவும் கத்தி பிளேடு தனியாக வாங்கிப் போட்டு, ஒரே வடிவத்தின் மேல் திரும்பத் திரும்பப் பல முறை ஓடவிட்டு. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக், எம்டிஎஃப் பலகை எல்லாம் லேசர் மெஷினின் வேலை. மாவட்டத் தலைநகரில் போர்டு எழுதும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், சிஓ2 லேசர் வைத்திருக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார், டிசைன் ஃபைலைக் கொடுத்தால் வெட்டிக் கொடுத்துவிடுவார். கீசெயின் ஆர்டர் வந்தால் அவரிடம் வெட்டி, உங்கள் மெஷினில் வினைல் பெயர் வெட்டி மேலே ஒட்டி விற்கலாம். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது.

லேசர் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. உங்களிடம் இருக்கும் வினைல் பிவிசி பிளாஸ்டிக். அதை லேசரில் வெட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கெடுதல், அவர் மெஷினும் துருப்பிடித்துவிடும்.

டி-ஷர்ட்டுக்கு மெஷின் வினைலை வெட்டிக் கொடுக்கும், ஆனால் துணியில் ஒட்டுவது சூடு. ஆரம்பத்தில் வீட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தே, நீராவியை அணைத்துவிட்டு, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு அழுத்தலாம். மாதம் பத்து டி-ஷர்ட் ஆர்டர் வரும்வரை ஹீட் பிரஸ் வேண்டாம். மக் பிரஸ்ஸை மறந்துவிடுங்கள்.

எந்த மெஷின்?

கிரிகட், சில்லவெட், பிரதர். இந்த மூன்று பெயரைச் சுற்றித்தான் எல்லா வீடியோவும். கடைக்காரர் சீனத் தயாரிப்பு பிளாட்டர் (ரோல் வினைல் வெட்டும் பெரிய மெஷின்) ஒன்றையும் காட்டுவார். கடையில் நாள் முழுக்க வினைல் ஓட்டுகிறவருக்கு அது சரி, ஆனால் அதன் மென்பொருளோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம்.

கிரிகட் பழகச் சுலபம். திரையில் எந்தத் தாள் என்று தேர்ந்தெடுத்தால் அழுத்தத்தைத் தானே வைத்துக்கொள்ளும். உங்கள் சந்தா பயத்துக்குப் பதில் இதுதான்: சந்தா கட்டாயமில்லை, அவர்களுடைய படத் தொகுப்பும் எழுத்துருக்களும் வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே அது. உங்கள் சொந்த டிசைனை இலவசமாகவே ஏற்றி வெட்டலாம். ஆனால் டிசைன் ஸ்பேஸ் என்ற அவர்கள் மென்பொருளில் கணக்குத் தொடங்கி உள்ளே போய்த்தான் எதையும் செய்ய முடியும். சேமித்து வைத்த வேலையை நெட் இல்லாமல் வெட்ட வழி இருந்தாலும், அடிப்படையில் அது நெட்டை நம்பி இருக்கும் ஏற்பாடுதான். 2021 மார்ச்சில் இந்த நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 டிசைன்தான் ஏற்றலாம் என்று அறிவித்தது. பணம் கொடுத்து வாங்கிய மெஷினுக்குப் பிறகு வந்து பூட்டுப் போடுகிறீர்களா என்று உலகம் முழுக்க ஆட்கள் சண்டைக்குப் போக, சில நாட்களிலேயே பின்வாங்கிவிட்டது. பின்வாங்கியது நல்லதுதான். ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது.

சில்லவெட் என்பது ஜப்பானின் கிராஃப்டெக் நிறுவனத்தைச் சேர்ந்தது. கேமியோ என்ற மாடல் 12 அங்குலம், போர்ட்ரெய்ட் 8 அங்குலம். சில்லவெட் ஸ்டுடியோ மென்பொருளை லேப்டாப்பில் ஒரு முறை ஏற்றிவிட்டால் நெட் இல்லாமல் ஓடும். இலவசப் பதிப்பில் எஸ்விஜி ஃபைல் (டிசைனைக் கோடுகளாகச் சேமிக்கும் வகை) திறக்காது, அதற்கு ஒரு தடவை பணம் கட்டி மேல் பதிப்பு வாங்க வேண்டும், இது பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது. ஆனால் அதே மாதிரியான டிஎக்ஸ்எஃப் ஃபைல் திறக்கும், பிஎன்ஜி படத்தைக் கொடுத்தால் அதன் ஓரத்தைத் தானே வரைந்து எடுத்துக்கொள்ளும், இது உங்களுக்குப் போதும். பழகுவதற்குக் கிரிகட்டைவிட ஒரு வாரம் கூடுதலாகும்.

பிரதரின் ஸ்கேன்என்கட் மெஷினுக்குள்ளேயே ஸ்கேனர் இருக்கிறது, தாளில் வரைந்து உள்ளே விட்டால் அதையே வெட்டும், கம்ப்யூட்டரே வேண்டாம். கையால் கோலம் வரைகிற உங்களுக்கு ஆசை வருவது புரிகிறது. ஆனால் விலை உங்கள் வரம்புக்கு மேலே. கோலத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால் வரைந்து, நல்ல வெளிச்சத்தில் மொபைலில் படம் எடுத்து ஏற்றினால் இதே பலன் மற்ற இரண்டிலும் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கிற, நிறையத் தமிழ்ப் பெயர் வெட்டப்போகிற உங்களுக்குச் சில்லவெட் கேமியோவின் பக்கம்தான் என் ஓட்டு. அது 40,000-க்குள் அடங்காவிட்டாலோ, பக்கத்தில் விற்பனையாளர் இல்லாவிட்டாலோ, கிரிகட் எக்ஸ்ப்ளோர். இரண்டுமே எட்டாவிட்டால் போர்ட்ரெய்ட் மாதிரியான எட்டு அங்குல மெஷின் ஒன்றும் கேவலமில்லை. நீங்கள் வாங்குவது பெரும்பாலும் ஏ4 அட்டைதானே, ஓரத்தில் துளி வெட்டிவிட்டால் உள்ளே போய்விடும். பேனர் எழுத்துகளை ஒரே தடவையில் நிறைய அடுக்க முடியாது, அவ்வளவுதான் குறை. நாலரை அங்குலம் மட்டுமே வெட்டும் கிரிகட் ஜாய் மட்டும் வேண்டாம், ஆறு அங்குல டாப்பருக்கு அது ஆகாது.

எது வாங்கினாலும் 40,000-த்தையும் மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். கூடுதல் மேட் இரண்டு, பிளேடு இரண்டு, வெட்டிய வினைலை எடுத்து ஒட்ட உதவும் டிரான்ஸ்ஃபர் டேப், வினைல் இவற்றுக்கு ஆறேழாயிரம் தனியாக எடுத்து வையுங்கள். கிளிட்டர் தாள் பிளேடைச் சீக்கிரம் மழுக்கும், அதற்கென்று ஒரு பிளேடை ஒதுக்கிவிடுவது நல்லது. மேட்டின் பசை நம் ஊர் தூசியில் சீக்கிரம் செத்துப்போகும், வேலை முடிந்ததும் மேல் தாளை மூடி வைக்கும் பழக்கம் வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்து, கூரான மூலைகளில் வெட்டுவதற்குப் பதில் பிய்ந்து வரும். அட்டையைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் வைத்தால் அந்தத் தொல்லை பாதியாகும். பாதியில் கரண்ட் போனால் அந்தத் தாள் வீண், விட்ட இடத்திலிருந்து தொடராது. மெஷின் குறைந்த மின்சாரம்தான் இழுக்கும், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்தப் பிளக்கில் போடுங்கள்.

தமிழ்ப் பெயரை வெட்டும்போது

இதை எந்த வீடியோவிலும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ‘கார்த்திக்’ என்று அட்டையில் வெட்டிப் பாருங்கள். க தனி, கால் தனி, ர தனி அதன் புள்ளி தனி, த தனி அதன் புள்ளி தனி, தி ஒன்று, கடைசி க, அதன் புள்ளி. ஐந்து எழுத்துப் பெயர் ஒன்பது துண்டாக மேட்டில் கிடக்கும். கையால் வெட்டும்போது உங்கள் விரல் தானாகவே இவற்றைச் சேர்த்து வெட்டிப் பழகிவிட்டது, மெஷினுக்கு அந்த அறிவு கிடையாது, நீங்கள்தான் டிசைனிலேயே சேர்க்க வேண்டும்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளை ஏற்றுங்கள். யூனிகோடு எழுத்துருவில் பெயரைத் தட்டுங்கள், தடித்த எழுத்தாக இருக்கட்டும், கோடு எங்கேயும் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பிறகு எழுத்தைப் பாதையாக (path), அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றுங்கள். இதைச் செய்யாமல் எழுத்தாகவே கொண்டுபோய்க் கட்டிங் மென்பொருளில் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறலாம். அப்புறம் எழுத்துகளை நெருக்கி, ஒன்றோடு ஒன்று லேசாக இடிக்கவைத்து, புள்ளியைக் கீழே இழுத்து எழுத்தின் தலையைத் தொடவைத்து, எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைத்துவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று தோன்றினால் இரண்டாவது வழி: பெயரைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெளிவட்டம் எடுத்து, அதை வேறு நிற அட்டையில் ஒரே துண்டாக வெட்டி, அதன் மேல் எழுத்தையும் புள்ளியையும் ஒட்டுங்கள். தங்க நிறத்துக்குப் பின்னால் மெரூன் வைத்தால் கல்யாண வீட்டு டாப்பர் மாதிரி எடுப்பாக இருக்கும், கூட முப்பது ரூபாய் கேட்கலாம்.

எழுத்துருவுக்கும் உரிமை உண்டு. கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் முக்த மலர், கேடமரான், பாலு தம்பி, கவிவனார் எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, செய்து விற்கும் பொருளில் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

ஸ்டிக்கருக்கு: பிரிண்டரில் அச்சடித்து மெஷினில் ஹாஃப் கட் (அடித்தாளை விட்டுவிட்டு ஸ்டிக்கரை மட்டும் வெட்டுவது) கொடுக்கும்போது, தாளின் மூலையில் இருக்கும் கறுப்புக் குறிகளைப் பார்த்துத்தான் மெஷின் இடத்தைக் கண்டுபிடிக்கும். பளபளப்பான லேமினேஷன் போட்டால் கண் கூசி, கண்டுபிடிக்காமல் திரும்பிவிடும். குறிகளின் மேல் மட்டும் பளபளக்காத மங்கலான டேப் ஒட்டிவிடுங்கள்.

நாத்தனார் கொண்டு வரட்டுமா? பழையது வாங்கலாமா?

அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230. கட்டிங் மெஷின்களின் அடாப்டரில் பெரும்பாலும் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருக்கும், அப்படி இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும், வாங்குவதற்கு முன் அவரை அந்த எழுத்தைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஹீட் பிரஸ், மக் பிரஸ் வகைகள் அப்படியில்லை, அங்கே விற்பது அந்த ஊர் வோல்டேஜுக்கே செய்தது, இங்கே பிளக்கில் போட்ட நிமிடம் போய்விடும். எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் வாரன்ட்டி. பில் அமெரிக்காவில், நாத்தனார் பெயரில். பழுதானால் அங்கே திருப்பி அனுப்ப வேண்டும், இங்கே கேட்பதற்கு ஆளில்லை. பெட்டியோடு வரும்போது சுங்கத்தில் தீர்வை கேட்கவும் வாய்ப்பு உண்டு. சொந்தக்காரரிடம் வாங்கிய பொருள் கெட்டால் மனஸ்தாபம் வேறு, அதை நான் சொல்லத் தேவையில்லை.

கணவர் சொல்வதை ஒதுக்காதீர்கள். ஆசைக்கு வாங்கி ஆறு மாதத்தில் பரணில் ஏற்றிய மெஷின்கள் விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. நேரில் போய், உங்கள் கணக்கில் இணைத்து, உங்கள் அட்டையில் உங்கள் டிசைனை வெட்டிக் காட்டிய பிறகே பணம். கூரியரில் அனுப்புகிறேன், பாதி முன்பணம் போடுங்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சோட்டா பீமும் சிஎஸ்கே சிங்கமும்

கடிதத்தில் போகிற போக்கில், கார்ட்டூன் ஃபைல்கள் ஆன்லைனில் "வணிகப் பயன்பாட்டுக்கு" என்று போட்டே விற்கிறார்கள், அதனால் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விற்கிறவர் மிக்கி மவுஸின் சொந்தக்காரர் இல்லையே, அவரிடம் இல்லாத உரிமையை உங்களுக்கு எப்படிக் கொடுப்பார்? 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். இந்தக் குற்றம் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகை என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. ஒரு டாப்பருக்காக நாளைக்கே போலீஸ் வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நடைமுறையில் நடப்பது உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மேல் புகார் போய் பக்கமே முடங்குவது. மூன்று வருடம் சேர்த்த வாடிக்கையாளர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்? அணிகளின் லோகோ வணிகமுத்திரைச் சட்டத்தில் வரும். நடிகர் முகமும் அப்படியே கை வைக்கக்கூடாத இடம். 2015-ல் ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியிருக்கிறார்.

கிரிகட்டின் சொந்தப் படங்களை வைத்துச் செய்த பொருளை வருடத்துக்குப் பத்தாயிரம் வரை விற்க அவர்களே அனுமதி கொடுக்கிறார்கள், ஆனால் டிஸ்னி மாதிரி மற்றவர்களிடம் உரிமம் வாங்கிப் போட்டிருக்கும் படங்கள் அதில் சேராது.

உண்மையில் உங்கள் பலம் அங்கே இல்லவே இல்லை. மிக்கி மவுஸ் ஊருக்கு நூறு பேர் வெட்டுகிறார்கள். காதணி விழாவுக்குத் தாய்மாமன் மடியில் குழந்தை, மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் குடிசையும் தென்னங்கீற்றும், புதுமனை புகுவிழாவுக்குப் பால் பொங்கும் பானை, நாதஸ்வரம், தவில், வாழைமரம் இவற்றையெல்லாம் தேடிப் பாருங்கள், சுத்தமான வெட்டு ஃபைல் கிடைப்பது அபூர்வம். நீங்களே வரைந்தால் அதன் பதிப்புரிமை உங்களுடையது.

தோழியின் மெஷின் விஷயம்

விற்றவர் சொன்னது பாதி உண்மை, அதைத்தான் நிறையப் பேர் பயன்படுத்தித் தப்பிக்கிறார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருப்பது நிஜம். ஆனால் அதே பிரிவின் விளக்கத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் தானே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் இருக்கிறது. கோவை பிஎஸ்ஜி நிறுவனத்திடம் லட்சுமி இன்ஜினியரிங் என்ற தொழிற்சாலை வாங்கிய ஒரு மெஷின் பற்றிய வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்தத் தொழிற்சாலையைப் பெரிய அளவில் தொழில் செய்வது என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டது. ஆனால் தானே மெஷினை ஓட்டிப் பிழைப்பவர் துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றது. வீட்டில் உட்கார்ந்து தானே வெட்டி விற்கும் உங்கள் தோழி அந்த வரைக்குள்தான் வருகிறார்.

அவர் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிய வேண்டும், விற்றவருக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அவரிடம் பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால் யுபிஐ ரசீது, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், விற்றவர் போட்ட விளம்பரம், பழுதைக் காட்டும் வீடியோ இவற்றை உடனே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இன்ஸ்டாகிராமில் பிளாக் செய்துவிட்டால் எல்லாம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். நீங்கள் வாங்கும்போது உங்கள் பெயரில், மாடலும் சீரியல் எண்ணும் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

அடுத்த இரண்டு வாரத்தில்

பணத்தை எடுக்கும் முன் இரண்டு மென்பொருளையும் உங்கள் லேப்டாப்பில் ஏற்றிப் பாருங்கள், மெஷின் இல்லாமலே ஏற்றலாம். ஏழெட்டு வருடப் பழசு என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால் டிசைன் ஸ்பேஸ் ஓடாது, அது கடையில் தெரிவதைவிட வீட்டில் தெரிவது நல்லது. பிறகு மேலே சொன்னபடி ஒரு தமிழ்ப் பெயரை டிசைன் செய்து பென்டிரைவில் போட்டு, நீங்கள் வழக்கமாக வாங்கும் கிளிட்டர் அட்டை இரண்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அவர்கள் வைத்திருக்கும் டெமோ பூவை வெட்டிக் காட்டுவார்கள், அது எல்லா மெஷினிலும் அழகாகத்தான் வெட்டும். உங்கள் அட்டையில் உங்கள் பெயரை வெட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு கடை.

நாத்தனாருக்கு உதவ வேண்டும் என்று மனது இருக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. மெஷின் எது என்று முடிவான பிறகு, அந்த மாடலுக்கான ஒரிஜினல் பிளேடு நாலும் மேட் ரெண்டும் வாங்கி வரச் சொல்லுங்கள். எடையும் இல்லை, வோல்டேஜ் தொல்லையும் இல்லை, உங்களுக்கு ஒரு வருடத்துக்கு வரும்.